கடை நிலைத்தால்தான் வழக்கு நிலைக்கும்

வன்கொடுமை வழக்குகள் ஏன் தோற்கின்றன என்று கேட்டால் நம்மிடம் பதில் தயாராக இருக்கிறது. போலீசின் மெத்தனம், அரசு வழக்கறிஞரின் அக்கறையின்மை, ஆண்டுக்கணக்கில் இழுக்கும் விசாரணை, கடைசியில் பிறழும் சாட்சி. எல்லாமே உண்மைதான். ஆனால் அந்தச் சாட்சி ஏன் பிறழ்ந்தார் என்று ஊருக்குள் போய் விசாரித்தால், பல நேரம் விடை ஒரு கடை வாடகையில் போய் நிற்கும். இல்லையென்றால் ஒரு புரோநோட்டில், அதுவும் இல்லையென்றால் வர வேண்டிய ஒரு பாக்கியில். "கேசை வாபஸ் வாங்கு, இல்லன்னா கடையைக் காலி பண்ணு." இவ்வளவுதான் மிரட்டல். அரிவாள் தேவையில்லை, கூட்டம் தேவையில்லை. கடைக்காரருக்கு வீட்டில் அடுப்பெரிய வேண்டும். அவர் நீதிமன்றத்தில், "யார் அடித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டு வருகிறார்.

அதனால்தான் சிறு வியாபாரம் செய்யும் நம் மக்களுக்குச் சட்ட உதவி என்பதை வெறும் தொழில் முன்னேற்ற விஷயமாக நாம் பார்க்கக் கூடாது என்கிறேன். அது சாதி ஒழிப்பு அரசியலின் அன்றாட வேலைகளில் ஒன்று. அடிபட்ட பிறகு வக்கீலைத் தேடி ஓடுவதற்கு நம் இயக்கங்கள் பழகியிருக்கின்றன. கடை திறப்பதற்கு முன்பு வக்கீலைப் பார்க்கப் பழகவில்லை. இந்த இரண்டாவது பழக்கம் இல்லாமல் முதலாவது முழுப் பலன் தராது.

பாஞ்சாகுளம் சொல்லும் பாடம்

நம் பகுதியிலேயே நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கக் கடைக்கு வந்தார்கள். கடைக்காரர், ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்கள் தெருவுக்கு இனி எதுவும் தர மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். அதைப் படம்பிடித்துப் பரப்பவும் செய்தார்கள். வழக்கு வந்தது, கைது வந்தது, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10-ஆவது பிரிவின் கீழ், குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதங்கள் ஊருக்குள் நுழையத் தடையும் விதிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்தப் பிரிவு பயன்பட்டதே அபூர்வம்.

இதில் எல்லோரும் பார்த்தது பிள்ளைகளின் முகத்தை. பார்க்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. ஊர்க் கட்டுப்பாடு என்பது கடை வழியாகத்தான் நடக்கிறது. அரிசி, பால், டீ, முடிதிருத்தம், டிராக்டர் வாடகை, வட்டிப் பணம் எல்லாம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் ஒரே நாளில் ஒரு தெருவைப் பட்டினி போட முடியும். நம் தெருவில் நம் ஆட்கள் நடத்தும் ஒரு மளிகைக் கடை இருந்தால் அந்தக் கட்டுப்பாட்டின் பல் பாதி உடைந்துவிடும். ஆகவே தலித் ஒருவர் நடத்தும் பெட்டிக்கடை அந்தக் குடும்பத்தின் பிழைப்பு மட்டுமல்ல, தெருவின் தற்காப்பும் கூட. ஆதிக்கச் சாதியினருக்கு இது நன்றாகத் தெரியும். நமக்குத்தான் இன்னும் முழுதாகப் புரியவில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2023 செப்டம்பரில், எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டியில், காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண் ஒருவர் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அரசாங்கம் நடத்தும் அடுப்புக்கே இந்தக் கதி என்றால், நம் அக்கா ஒருவர் சொந்தமாக வைக்கும் இட்லிக் கடைக்கு யார் வந்து உட்காருவார்கள்?

வளர விடாத கணக்கு

2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. 2015-16-இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின் 73-ஆவது சுற்று, விவசாயம் அல்லாத சிறு தொழில்கள் யார் கையில் இருக்கின்றன என்று எண்ணியது. குறுந்தொழில்களில் பட்டியல் சாதியினர் கையில் இருந்தவை 12.48 விழுக்காடு. சிறு தொழில்களில் அது 5.50 ஆகக் குறைகிறது. நடுத்தரத் தொழில்களில் 0.00.

தொழில் தொடங்குவதில் நாம் அவ்வளவு பின்தங்கிவிடவில்லை. தொடங்கியது வளர்வதில்தான் வெட்டப்படுகிறோம். ஒரு தையல் மிஷின் நான்காகும் இடத்தில், பெட்டிக்கடை மளிகைக் கடையாகும் இடத்தில், தொழில் காகிதத்துக்குள் நுழைகிறது. வாடகை ஒப்பந்தம், கடன் பத்திரம், பில், பதிவு, உரிமம். அந்த வாசலில் நம்மோடு நிற்க ஆளில்லை. மற்றவர்களுக்கு மாமா ஆடிட்டராக இருப்பார், சித்தப்பா பத்திர ஆபீசில் எழுத்தராக இருப்பார். அவர்களுக்குச் சட்ட உதவி சொந்தபந்தம் வழியாகவே கிடைத்துவிடுகிறது, அதனால் அதற்குப் பேர் வைக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை.

இளையரசனேந்தலின் இரட்டைத் தலைவலி

இந்தக் காகிதச் சிக்கலுக்கு இளையரசனேந்தலை விட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த இந்தப் பிர்கா, வருவாய்த் துறைக்காகக் கோவில்பட்டி வட்டத்தோடு, அதாவது தூத்துக்குடி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. ஆனால் இதன் 12 ஊராட்சிகளும் குருவிகுளம் ஒன்றியத்திலேயே விடப்பட்டன. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது அந்த ஒன்றியம் தென்காசிக்குப் போனது. வருவாய்க்கு ஒரு மாவட்டம், ஊராட்சிக்கு இன்னொரு மாவட்டம் என்று ஆண்டுக்கணக்கில் கிடந்த பிர்கா இது. மக்கள் மனுக் கொடுத்தும் போராடியும் சலித்திருக்கிறார்கள்.

கடை வைக்கிற ஒருவருக்கு இதன் பொருள் என்ன? சாதிச் சான்றிதழும் பட்டாவும் கோவில்பட்டி தாசில்தார் கொடுப்பது. ஊராட்சி வரி ரசீதும் உரிமமும் குருவிகுளம் ஒன்றியத்தின் ஊராட்சி கொடுப்பது. கடனுக்கு மனுப் போட்டால் ஒரு காகிதத்தில் ஒரு மாவட்டம், மறு காகிதத்தில் வேறு மாவட்டம். "இது எங்க லிமிட் இல்லையே" என்று சொல்ல விரும்பும் ஓர் அதிகாரிக்கு இதைவிட வசதி வேண்டுமா? பணமும் செல்வாக்கும் உள்ளவர் ஒரு போனில் இதைத் தாண்டிவிடுவார். காலனியிலிருந்து போகிறவர் இரண்டு ஊருக்கும் பஸ் ஏறி இறங்கி, மூன்றாவது நாள் கூலியை நினைத்து மனுவையே விட்டுவிடுவார். எழுத்தில் மனுக் கொடு, ஒப்புகை வாங்கு, மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேள் என்று சொல்ல சட்டம் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் போதும். பாதி "லிமிட்" அந்த இடத்திலேயே காணாமல் போகும்.

மூன்று காகிதங்கள்

நம் ஆட்களின் கடைகள் பெரும்பாலும் மூன்று காகிதங்களில் விழுகின்றன.

முதலாவது வாடகை. ஊர் மெயின் ரோட்டில் கட்டடம் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. வாய்ப்பேச்சில் கடை பிடிப்போம், அட்வான்ஸ் கொடுப்போம், ரசீது வாங்க மாட்டோம். சொத்து மாற்றுச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத சாதாரணக் கடை வாடகை மாதத்துக்கு மாதம் என்றே கருதப்படும், 15 நாள் நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொள்ளலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு செய்தால்தான் அது நிற்கும். ஷெல்பும் பிரிட்ஜும் போட்டு, வாடிக்கை பிடித்து, வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் பதினைந்தே நாளில் வெளியே போகச் சொல்ல வழியிருக்கிறது என்பது கடை பிடிக்கும்போது நமக்குத் தெரிவதில்லை. அதேபோல இன்னொன்றும் தெரிவதில்லை. நோட்டீஸ் கொடுத்தாலும், வழக்குப் போடாமல் பூட்டை உடைத்துச் சாமானை வெளியே எறிய யாருக்கும் உரிமை இல்லை. அப்படி வெளியேற்றினால், 1963-ஆம் ஆண்டுத் தனியுறு தீர்வுகள் சட்டத்தின் 6-ஆவது பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பக் கேட்கலாம். கட்டடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கே அந்த வழக்கில் இடமில்லை. ஆறு மாதம் தாண்டினால் அந்த வாசல் மூடிவிடும். அந்த ஆறு மாதத்தை நாம் பஞ்சாயத்துப் பேசியே கழித்துவிடுகிறோம்.

இரண்டாவது வெற்றுத் தாளில் போடும் கையெழுத்து. வங்கி கொடுக்காததால் வட்டிக்கு வாங்குகிறோம். எழுதாத புரோநோட்டிலும் நிரப்பாத செக்கிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். "நான் நிரப்பவில்லை, அவர்தான் தொகையை எழுதிக்கொண்டார்" என்று பிறகு சொன்னால் தப்பிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். தப்பிக்க முடியாது. மனமறிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையை வேறு ஒருவர் நிரப்பினாலும் வழக்கு நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் பீர் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. கடனே இல்லை என்று காட்டும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விழும். அதேநேரம் தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டதை நாம் மறக்கவில்லை. கந்துவட்டிப் புகார் மனுவோடு பலமுறை வந்து அலைந்தவர்கள் அவர்கள். சட்டம் இருப்பது மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பதற்கு அதைவிடக் கொடிய சாட்சி வேண்டாம். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ரசீதோ வங்கிப் பதிவோ வைத்திருக்க வேண்டும். வக்கீல் நோட்டீஸ் வந்தால் பீரோவுக்குள் வைத்துப் பூட்டாமல் அன்றே ஒரு வழக்கறிஞரிடம் கொண்டு போக வேண்டும். செக் வழக்கில் நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம்.

மூன்றாவது பாக்கி. கோவில்பட்டியைச் சுற்றித் தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் பெரிய பெயர்கள். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பெயருக்குப் பின்னால் வேலை எடுத்துச் செய்து கொடுக்கிற சிறு ஆட்களுக்குப் பணம் எப்போது வருகிறது? யூனிபார்ம் தைத்துக் கொடுத்தவர், மிட்டாய் போட்டுக் கொடுத்தவர், அட்டைப்பெட்டி செய்து கொடுத்தவர் என்று எல்லோரும் பெரிய முதலாளி "அடுத்த வாரம் பார்ப்போம்" என்பதைக் கேட்டுக் காத்திருக்கிறார்கள். அந்த முதலாளி ஆதிக்கச் சாதிக்காரராக இருந்துவிட்டால் கேட்பதற்கே தைரியம் வருவதில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம், ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்கிறது. தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. கேட்டுப் பெற வசதியாக்கக் குழு இருக்கிறது, மதுரையிலும் ஒன்று உண்டு. அந்தக் குழுவின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் மேலே போக வேண்டுமென்றால் முதலில் 75 விழுக்காடு தொகையைக் கட்ட வேண்டும்.

ஆனால் இதற்கு உத்யம் பதிவு வேண்டும். பதிவு இலவசம். சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு இருப்பதுதான் பாதுகாப்பு, சண்டை வந்த பிறகு பதிந்தால் பழைய பாக்கிக்கு உதவாமல் போகலாம். இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பொருளைச் செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான் இந்த 45 நாள் பாதுகாப்பு. வாங்கி விற்கும் கடைக்காரர்களை 2021-இல் உத்யம் பதிவுக்குள் சேர்த்தார்கள், ஆனால் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும்தான். தன் தொழில் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்துகொள்ளவே ஒருவருக்குச் சட்டம் படித்த ஆள் தேவைப்படுகிறது.

காகிதம் நம்மிடமிருந்து பறிப்பது புதிதல்ல. 1892 முதல் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களை மற்றவர்களுக்கு விற்க முடியாது என்று நிபந்தனை எழுதித்தான் கொடுத்தார்கள். அந்த நிபந்தனையைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல், கைநாட்டு வைத்தே எத்தனை ஏக்கர் போனது! இன்று நிலத்தின் இடத்தில் கடை இருக்கிறது. கைநாட்டின் இடத்தில் கையெழுத்து.

பிச்சையல்ல, உரிமை

வக்கீலுக்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். இங்கேதான் நம் மக்களில் பெரும்பாலோருக்குத் தெரியாத செய்தி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12-ஆவது பிரிவில், இலவசச் சட்ட உதவி யாருக்கு என்று பட்டியல் போடுகிறது. முதல் வரியே பட்டியல் சாதி, பழங்குடியினர்தான். மற்ற பலருக்கு வருமான வரம்பு உண்டு. நமக்கு இல்லை. குடிசையில் இருந்தாலும் கடை வைத்து நாலு காசு பார்த்தாலும் அந்த உரிமை ஒன்றேதான். "நீதான் கடை வச்சிருக்கியே, உனக்கு எதுக்கு இலவச வக்கீல்" என்று கேட்க ஒருவருக்கும் அதிகாரமில்லை.

அடுத்த வியப்பு, அந்தச் சட்டத்தில் 'சட்டப் பணி' என்பதற்கான விளக்கம். வழக்கு நடத்துவதோடு, எந்தச் சட்ட விஷயத்திலும் ஆலோசனை சொல்வதும் அதில் அடங்கும். அதாவது வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கவும் நமக்கு உரிமை இருக்கிறது. கோவில்பட்டியிலும் சங்கரன்கோவிலிலும் நீதிமன்றத்தோடு சேர்ந்து வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இந்தப் பக்கம் நமக்குத் துணை நிற்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், தொழிலோ வியாபாரமோ செய்யவிடாமல் தடுப்பதையும், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் தனிக் குற்றங்களாக்கியது. வியாபார உறவை முறிப்பது, வழக்கமாக எல்லோருக்கும் தரும் நிபந்தனையில் நமக்குத் தர மறுப்பது, ஒப்பந்த வாய்ப்பை மறுப்பது எல்லாமே பொருளாதாரப் புறக்கணிப்புக்குள் வரும். பால்காரர் திடீரென்று நம் டீக்கடைக்குப் பால் ஊற்றுவதை நிறுத்தினால், யார் சொல்லி நிறுத்தினார், எந்தத் தேதியில், யார் முன்னால் என்று குறித்து வைத்தால் அது வழக்கு. குறிக்காமல் விட்டால் வெறும் புலம்பல். எதைக் குறிக்க வேண்டும் என்று சொல்லித் தருவதுதான் முன்கூட்டிய சட்ட உதவி.

அண்ணலின் அனுபவம் இதற்கெல்லாம் முன்னோடி. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-இல் திரும்பியவர், பிழைப்புக்காகப் பம்பாயில் பங்கு வணிக ஆலோசனைத் தொழில் தொடங்கினார். நடத்துகிறவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள், தொழில் மூடப்பட்டது. பின்னாளில், 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இன்றைய 15-ஆவது பிரிவு விவாதிக்கப்பட்டபோது, அதிலுள்ள 'கடை' என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் உண்டு, காசுக்குச் சேவை தரும் யாரும் அதில் அடங்குவர் என்று விளக்கியவரும் அவரே. கடை என்ற ஒரு சொல்லை அரசியல் சட்டத்தில் உறுதியாக நிறுத்த அவர் எடுத்த அக்கறையை நாமும் நம் தெருக் கடைக்காகக் கொஞ்சம் எடுக்க வேண்டாமா?

மறுப்புகளுக்குப் பதில்

"சட்டம் அவர்கள் கையில் இருக்கிறது, வக்கீலும் அவர்கள் சாதிதான்" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. அதனால்தான் ஒரே வக்கீலை நம்பியிருக்காமல், பட்டியலில் வேறு வழக்கறிஞரைக் கேட்கும் உரிமையையும் பயன்படுத்த வேண்டும். சட்டக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளைக் குற்றவியலோடு நிறுத்தாமல் கடன், குத்தகை, வரி, நிறுவனச் சட்டங்களிலும் தேர்ச்சி பெறச் சொல்ல வேண்டும்.

"கோர்ட்டுக்குப் போனால் ஊரில் வாழ முடியுமா?" என்பது இன்னொரு கேள்வி. நான் சொல்வது கோர்ட்டுக்குப் போகாமல் இருப்பதற்கான வழி. எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் சண்டை குறையும். மிரட்டுகிறவரும், எதிரில் இருப்பவருக்குச் சட்டம் தெரியும் என்றால் ஒரு அடி தள்ளித்தான் நிற்பார்.

மக்கள் நீதிமன்றத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சமரசம் விரைவானது, செலவில்லாதது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே கையெழுத்திட்ட தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அவசரப்படுத்தினாலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

என்ன செய்யலாம்

அரசிடம் கேட்க வேண்டியவை சில. தாட்கோ கடனும், அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டமும் பணம் தருகின்றன. முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியம் உண்டு. நல்லது. ஆனால் பணத்தோடு ஒரு வழக்கறிஞரின் நேரத்தையும் சேர்த்துத் தர வேண்டும். ஒப்பந்தம் பார்க்க, பதிவு முடிக்க, முதல் ஆண்டு முழுதும் கேள்வி கேட்க. மாவட்டத் தொழில் மையத்தில் வாரம் ஒரு நாளாவது சட்டப் பணிகள் ஆணையத்தின் வழக்கறிஞர் உட்கார வேண்டும். குறிப்பிட்ட வரம்பு வரையான சிறு, குறு தொழில் கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதியை ஒவ்வொரு கிளையிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். இளையரசனேந்தல் போன்ற இரட்டை நிர்வாக ஊர்களில், எந்தக் காகிதம் எந்த அலுவலகம் என்ற தெளிவான அறிவிப்பு ஊராட்சிப் பலகையில் இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை இன்னும் எளிது. ஏப்ரல் 14-க்கும் டிசம்பர் 6-க்கும் தெருவில் கூடுகிறோம். அந்த நாளில் மாலை போட்டு முடித்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரு வழக்கறிஞரை உட்கார வைத்து, கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அவரவர் வாடகைத் தாளையும் கடன் தாளையும் கொண்டுவரச் சொல்வோம். சட்டப் பணிகள் குழுவுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து முகாம் நடத்தித் தரக் கேட்போம். பத்தாவது படித்த பிள்ளைகளில் இரண்டு பேரைத் தெருவுக்குத் தெரு சட்டத் தன்னார்வலர்களாகச் சேர்த்துவிடுவோம்.

வழக்குப் போட்டவர் கடைசி வரை நிற்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவர் நிற்பதற்குக் காலடியில் கொஞ்சம் தரை வேண்டும். அந்தத் தரை அவருடைய கடைதான். அதைப் பறிக்க முடியாதபடி முதலில் எழுதி வைப்போம்.

ஜெய்பீம்.